கெதார்: மலையகத்தில் பயணிகளோடு பழகுபவர்களுக்கு ஒரு ஸ்பானிய வினைச்சொல்

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம்ம பிள்ளைகள் முதலில் வணக்கம், நன்றி, ஒன்று இரண்டு மூன்று என்று மனப்பாடம் செய்கிறார்கள். அது சீக்கிரமே வந்துவிடும். ஆனால் எல்லயிலோ ஹப்புத்தளையிலோ ஒரு ஸ்பெயின்காரர் எதிரில் நின்று இரண்டு வசனம் பேசினால் ஒன்றும் பிடிபடாது. பெரிய பெரிய சொற்கள் தெரியாததால் அல்ல. பல வேலை பார்க்கும் சின்ன வினைச்சொற்கள் பிடிபடாததால்தான்.

அப்படியான ஒரு சொல் கெதார். ஸ்டேஷன் எங்கே என்று கேட்க, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்க, நாளைக்கு எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசி வைக்க, ஸ்வெட்டர் அளவு சரியா என்று பார்க்க, எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று விசாரிக்க, எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் வரும். த்ரீவீல் ஓட்டுபவர், வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர், மலை ஏற வழி காட்டுபவர், கடையில் நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு நாளில் பல தடவை காதில் விழும்.

ஆங்கில வழிப் புத்தகங்களில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு அர்த்தம் வரிசையாகப் போட்டிருக்கும். அந்தப் பட்டியலைப் பாடமாக்க வேண்டாம். தமிழ் பேசுபவருக்கு இந்தச் சொல் இயல்பாகவே வரக்கூடியது. "எனக்கு ரெண்டு மிச்சம் இருக்கு", "உங்களுக்கு நல்லா இருக்கு", "நீங்களே வெச்சுக்கோங்க" என்று நாம் பேசும் முறையிலேயே இதன் பாதி இலக்கணம் இருக்கிறது. அதனால் ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போவோம்.

முதலில் ஒலி

ஸ்பானியத்தில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பது அர்த்தத்தையே மாற்றும். இங்கே அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். அப்படியே வாசித்தால் போதும். கேதொ என்றால் "நான்" என்ற நிகழ்கால வடிவம். கெதோ என்றால் "அவர்" அல்லது "அது" என்ற இறந்தகால வடிவம். எழுத்து அதே, அழுத்தம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. குறில் நெடில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சிரமமே இல்லை.

இன்னொரு வசதி, கெதார் என்பதில் நடுவில் வரும் த. "அது", "இது" என்று சொல்லும்போது நாக்கு எப்படி மெதுவாகப் பல்லைத் தொடுகிறதோ அதே ஒலி. இந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. த்த என்று இரட்டித்து எழுதியிருந்தால் "பத்து" என்பதுபோல வல்லினமாகச் சொல்லுங்கள். ஸ எழுதியிருக்கும் சில இடங்களில் ஸ்பெயின்காரர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்கர்கள் நாம் சொல்வதுபோல ஸ என்றே சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் புரியும்.

வடிவங்களை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேதொ, நீ கேதஸ், அவர் அல்லது அது கேத, நாம் கெதாமொஸ், அவர்கள் அல்லது அவை கேதன். மரியாதையான "நீங்கள்" ஒருவருக்குக் கேத, பலருக்குக் கேதன். ஸ்பெயினில் மட்டும் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து கெதாயிஸ் என்பார்கள். ஒழுங்கான வினைச்சொல், விதிவிலக்கு எதுவும் இல்லை. இந்த ஐந்தாறிலும் கேத, கேதன் இரண்டையும் முதலில் பிடித்துக்கொண்டால் அன்றாடத் தேவையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இடம் கேட்பதும் சொல்வதும்

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் "அசையாமல் அமைதியாக இரு" என்ற பொருளுள்ள சொல். அசையாமல் இருப்பது என்ற அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டால் பல பயன்பாடுகள் தானாக விளங்கும்.

"தோந்தெ கேத ல எஸ்தசியோன்?" என்றால் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். நுவரெலியா டவுனில் அடிக்கடி வரக்கூடிய கேள்வி இது. ஏனென்றால் டவுனில் ஸ்டேஷன் கிடையாது, சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி நானுஓயாவில்தான் இருக்கிறது. "கேத என் நானுஓயா, அ ஓச்சொ கிலோமெத்ரொஸ்" என்று சொல்லுங்கள். பக்கம் என்றால் "கேத ஸேர்க்க". தூரம் என்றால் "கேத லேஹொஸ்". பத்து நிமிஷம் என்றால் "கேத அ தியேஸ் மினூத்தொஸ்". எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்று சொல்லும்போது முன்னால் அந்தக் குட்டி அ வர வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை அவர்கள் "புவேன்த்தெ தெ லொஸ் நுவேவெ ஆர்க்கொஸ்" என்பார்கள். அது எங்கே என்று கேட்டால் "கேத ஏன்த்ரெ எல்ல இ தெமோதர", அதாவது எல்லவுக்கும் தெமோதரவுக்கும் நடுவில்.

இங்கே ஒரு எல்லை உண்டு. இடம் பெயராத பொருளுக்கு மட்டுமே கேத. பாலம், ஸ்டேஷன், கோயில், பேக்டரி, நீர்வீழ்ச்சி எல்லாம் சரி. கோச்சி எங்கே, டிரைவர் எங்கே, என் பை எங்கே என்று கேட்க எஸ்தா என்ற வேறு சொல் வரும். தமிழில் எல்லாவற்றுக்கும் "எங்கே இருக்கு" என்றே கேட்பதால் இதில் நம் ஆட்களுக்குக் குழப்பம் வரும். சந்தேகமாக இருந்தால் எஸ்தா என்றே சொல்லிவிடுங்கள், கட்டடத்துக்கும் அது தவறில்லை. ஸ்பெயின்காரர்கள் இடத்துக்கும் அதைத்தான் கூடுதலாகச் சொல்வார்கள். மெக்சிகோ, கொலம்பியா பக்கத்து ஆட்களிடம் கேத அதிகம் கேட்கலாம்.

மிச்சம் இருப்பது

எல்லாம் போன பிறகும் போகாமல் நிற்பது எதுவோ அதுவே மிச்சம். "நோ கேத தே" என்றால் தேயிலை தீர்ந்துவிட்டது. தேயிலைக்கும் தேத்தண்ணிக்கும் அவர்கள் சொல்லும் பெயர் தே, அதனால் நம் ஊரில் இந்த வசனம் ஒருநாளும் மறக்காது.

ஒன்று மிஞ்சினால் கேத, பல மிஞ்சினால் கேதன். இதைப் பழக மலைநாட்டு ரயில் பாதையைவிட நல்ல இடம் கிடையாது. தலவாக்கலையிலிருந்து மேலே போகும்போது வட்டகொடை தாண்டியதும் கிரேட் வெஸ்டர்ன், ரதெல்ல, நானுஓயா என்று மூன்று ஸ்டேஷன் இருக்கிறது. அப்போது "கேதன் த்ரேஸ்". கிரேட் வெஸ்டர்ன் போனதும் "கேதன் தோஸ்". ரதெல்ல போனதும் "கேத ஊன". கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும்போது கேதன் போய்க் கேத வருகிறது. ரயிலில் போகிறபோது ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் பத்துப் பயிற்சி செய்வதைவிட இது வேகமாக ஒட்டும்.

மிச்சம் யாருக்கு என்று சொல்ல நினைத்தால் முன்னால் ஒரு சின்னச் சொல் போட வேண்டும். மெ என்றால் எனக்கு, தெ என்றால் உனக்கு, லெ என்றால் அவருக்கு அல்லது உங்களுக்கு, நொஸ் என்றால் எங்களுக்கு, லெஸ் என்றால் அவர்களுக்கு. "மெ கேத ஊன ஓர" என்பது "எனக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம் இருக்கு". வசனத்தை உடைத்துப் பாருங்கள். "எனக்கு" முன்னால் நிற்கிறது, வினைச்சொல் மணித்தியாலத்தோடு சேர்ந்து மாறுகிறது. தமிழிலும் அப்படியே. "எனக்கு இருக்கேன்" என்று நாம் சொல்வதில்லை, "எனக்கு இருக்கு" என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலம் பேசுபவர் இங்கே தடுமாறுவார், ஏனென்றால் அவர் மொழியில் "நான்" முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஆங்கிலத்தில் வசனம் அமைத்து மாற்றப் போனால் அதே தடுமாற்றத்தை வாங்கிக்கொள்வீர்கள்.

அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு விஷயம். "ரெண்டு ரூம் இருக்கு" என்று சும்மா சொல்ல "ஆய் தோஸ்" போதும், ஆய் என்றால் உண்டு. "கேதன் தோஸ்" என்றால் மற்றதெல்லாம் போய்விட்டது, இனி ரெண்டுதான் என்று அர்த்தம் வரும். ஐந்து அறையும் காலியாகக் கிடக்கும்போது கேதன் போட்டால் அது பொய்யாகிவிடும். விருந்தாளி காலையில் எழுந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவனொளிபாத மலைக்கு வழிகாட்டியாகப் போகிறவர்கள் "குவான்த்தொ கேத?" என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். இன்னும் எவ்வளவு இருக்கு என்று அர்த்தம். மலை 2,243 மீட்டர் உயரம். டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை பருவகாலம். நல்லதண்ணியிலிருந்து நடுச்சாமத்தில் ஏறத் தொடங்கி விடியலுக்கு உச்சியில் நிற்க வேண்டும் என்பதால், பாதி வழியிலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். "கேத போக்கொ", கொஞ்சம்தான் இருக்கு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி ஏமாற்ற வேண்டாம். முழங்கால் நடுங்கிக்கொண்டு ஏறுபவருக்கு உண்மையான கணக்குதான் உதவி. ஒரு மணித்தியாலம் என்றால் "கேத ஊன ஓர" என்று நேராகச் சொல்லுங்கள். கிட்ட வந்த பிறகு சொல்லும் "கேத போக்கொ"வை அவர் நம்புவார்.

கடையில் ஸ்வெட்டர்

மெ, தெ, லெ பழகிவிட்டால் அடுத்தது இலவசமாகக் கிடைத்த மாதிரி. கொழும்பிலிருந்து மெல்லிய சட்டையோடு வரும் பயணிகள் நுவரெலியாக் குளிரில் நடுங்கிப்போய், குளிர் உடுப்பு விற்கும் பேல் பஜாருக்குள் நுழைவார்கள். ஒரு பெண் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கூட வந்தவரிடம் திரும்பி "கே தால் மெ கேத?" என்பார். எனக்கு எப்படி இருக்கு என்று கேட்கிறார்.

கையைப் பாருங்கள். விரல் நுனி வரை மூடியிருந்தால் "லெ கேத கிராந்தெ", உங்களுக்குப் பெரிசாக இருக்கு. தோளில் இழுத்துப் பிடித்தால் "லெ கேத பெகேன்யொ", சின்னதாக இருக்கு. சரியாக உட்கார்ந்திருந்தால் "லெ கேத முய் பியேன்", உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு. மூன்றும் தமிழ் வசனத்தின் அச்சு. உடுப்புக்கு மட்டுமில்லை, தொப்பி, சப்பாத்து, நிறம், தலைமுடி வெட்டியது எல்லாவற்றுக்கும் பொருந்தும். அளவு சரியில்லாதபோது முய் பியேன் என்று சொல்லி விற்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த வசனத்தை நம்பித்தான் அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் காசை எடுக்கிறார்.

சமையலுக்கும் இதே அமைப்பு வரும். ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்துக்கொடுத்த வீட்டுக்கார அக்காவிடம் விருந்தாளி "தெ கெதோ முய் ரீக்கொ" என்றால், உங்க கையில ருசியாக வந்திருக்கு என்று பாராட்டுகிறார். ஸ்பெயின்காரராக இருந்தால் "தெ அ கெதாதொ முய் ரீக்கொ" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வார். "கிராஸியஸ்" என்று சொல்லி இன்னொரு ரொட்டி வையுங்கள்.

நேரம் பேசி வைப்பது

இது ஸ்பெயின்காரர்களுடைய தனிப் பழக்கம். சந்திப்பதற்கு நேரமும் இடமும் பேசி முடிவு செய்வதை கெதார் என்பார்கள். "அ கே ஓர கெதாமொஸ்?" என்றால் எத்தனை மணிக்குச் சந்திப்போம். "கெதாமொஸ் அ லஸ் ஸேய்ஸ் என் ல எஸ்தசியோன்" என்றால் ஆறு மணிக்கு ஸ்டேஷனில் சந்திப்போம், பேசியாச்சு. லத்தீன் அமெரிக்கர்கள் பெரும்பாலும் "நொஸ் வேமொஸ் அ லஸ் ஸேய்ஸ்" என்பார்கள், ஆறு மணிக்குப் பார்க்கலாம் என்ற பொருளில்.

த்ரீவீல் ஓட்டுபவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கெதாமொஸ் சொன்னால் அது வாக்கு. அவர் ஆறு மணிக்கு வந்து நிற்பார், நீங்களும் நிற்க வேண்டும். மணியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள், காலையா மாலையா என்பதையும். காலைக்கு "தெ ல மன்யான", மாலைக்கு "தெ ல தார்தெ" என்று பின்னால் சேர்க்கலாம். பேச்சு குழம்பிப்போய் நேரம் மாறி மாறி வந்தால் அவரே "என் கே கெதாமொஸ்?" என்று கேட்பார். சரி, கடைசியில் என்ன முடிவு என்று அர்த்தம். அது கோபம் என்று எடுக்க வேண்டாம், தெளிவாக ஒரு பதில் சொன்னால் போதும்.

தங்குவதும் வைத்துக்கொள்வதும்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் போங்கள். இதுவரை பார்த்ததில் மெ என்றால் எனக்கு. இப்போது மெ கேதொ என்று ஒரு வசனம் வரும். கேத இல்லை, கேதொ. கடைசி எழுத்தில் "நான்" வந்துவிட்டது. அப்படி வந்தால் மெ என்பது எனக்கு அல்ல, தன்னைத் தானே குறிக்கும் சொல். தமிழில் "வைத்துக்கொள்", "இருந்துகொள்" என்பதில் வரும் கொள் செய்யும் வேலையை இங்கே அந்த மெ செய்கிறது.

"மெ கேத ஊன நோச்செ" என்றால் எனக்கு இன்னும் ஒரு இரவு மிச்சம். "மெ கேதொ ஊன நோச்செ" என்றால் நான் ஒரு இரவு தங்குகிறேன். ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். முதலாமவர் நாளைக்குக் கிளம்புபவராக இருக்கலாம், இரண்டாமவர் இப்போதுதான் அறை கேட்கிறார். வரவேற்பில் நிற்பவர் இந்தக் கடைசி ஒலியைக் காது கொடுத்துக் கேட்டால் போதும், பாதிச் சிக்கல் வராது.

விருந்தாளியிடம் நீங்கள் கேட்க: "குவான்த்தஸ் நோச்செஸ் ஸெ கேதன்?" எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பது. ஒருவர் மட்டும் என்றால் "ஸெ கேத". ஸ்பெயினிலிருந்து வந்த இளவட்டங்கள் தங்களுக்குள் "ஒஸ் கெதாயிஸ்" என்று பேசுவதைக் கேட்பீர்கள். உங்களிடமும் அவர்கள் மரியாதைப் பன்மை இல்லாமல் "நீ" என்ற வடிவத்தில் பேசலாம். அங்கே முன்பின் தெரியாதவரிடமும் அப்படிப் பேசுவது சாதாரணம், மரியாதைக் குறைவு இல்லை. நாம் மட்டும் "நீங்கள்" வடிவத்திலேயே பேசினால் யாருக்கும் குறை வராது.

கொன் என்ற சொல் சேர்ந்தால் தங்குவது மாறி வைத்துக்கொள்வது ஆகும். கடையில் ஒருவர் இரண்டு தேயிலைப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு "மெ கேதொ கொன் ஏஸ்தெ" என்றால் இதையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், பில் போடலாம். வாடகை கொடுத்துவிட்டு "கேதெஸெ கொன் எல் காம்பியொ" என்றோ, நட்பாகக் "கேதத்தெ கொன் எல் காம்பியொ" என்றோ சொன்னால் மிச்சக் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இது தெரியாமல் சட்டைப் பையைத் தடவிச் சில்லறை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். காம்பியொ என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு மிச்சக் காசைக் கேட்கிறார் என்று நினைக்கவும் வேண்டாம். முன்னால் கேதெஸெ இருந்ததா என்று பாருங்கள்.

ஸின் சேர்ந்தால் இல்லாமல் போவது. "நொஸ் கெதாமொஸ் ஸின் கஸொலீன" என்றால் பெட்ரோல் தீர்ந்து நிற்கிறோம். ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு மலைப் பாதையில் சுற்றுபவர்கள் போன் எடுத்து இதைச் சொன்னால் எங்கே நிற்கிறார்கள் என்று உடனே கேளுங்கள். "மெ கெதே தொர்மீதொ" என்றால் தூங்கிப்போய்விட்டேன், பெண் சொன்னால் தொர்மீத. ஆறு மணிக்குக் கெதாமொஸ் சொன்னவர் ஏழு மணிக்கு ஓடி வந்து சொல்லும் வசனம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது

உங்கள் வேலைக்கு எது வேண்டுமோ அதை முதலில் எடுங்கள். த்ரீவீல்காரருக்கு இடமும் நேரமும். அறை விடுபவருக்குத் தங்குவது. கடைக்காரருக்கு அளவும் எடுத்துக்கொள்வதும். மலை ஏற்றுபவருக்கு மிச்சம். ஒவ்வொன்றிலும் இரண்டு வசனம் எடுத்து, உங்கள் ஊர்ப் பெயர்களைப் போட்டு, வாய் பழகும் வரை சொல்லுங்கள். மற்றப் பயன்பாடுகளைக் கேட்டுப் புரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும், பேச வேண்டியதில்லை.

வசனம் காதில் விழும்போது இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். முன்னால் மெ, தெ, லெ மாதிரி ஏதாவது இருக்கா? கடைசி ஒலி அந்த ஆளுக்குச் சேர்கிறதா, பொருளுக்குச் சேர்கிறதா? முன்னால் ஒன்றும் இல்லாவிட்டால் இடமோ மிச்சமோ நேரமோ பேசுகிறார். மெ இருந்து கேத வந்தால் "எனக்கு". மெ இருந்து கேதொ வந்தால் "நான் தங்குகிறேன்" அல்லது "வைத்துக்கொள்கிறேன்".

"எனக்கு" அமைப்பு கையில் வந்துவிட்டால் அதே அச்சில் இன்னும் இரண்டு சொல்லை உடனே எடுத்துவிடலாம். குஸ்தார் என்பது பிடிப்பது: "மெ கூஸ்த எல் தே", எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். தொலேர் என்பது வலிப்பது: "மெ துவேலெ ல கவேஸ", எனக்குத் தலை வலிக்குது. மலை இறங்கி வருபவர் "மெ துவேலென் லஸ் ரொதீயஸ்" என்று சொல்லி உட்கார்ந்தால் அவருக்கு இரண்டு முழங்காலும் வலிக்கிறது, ஒரு நாற்காலியும் சுடச்சுட ஒரு பிளேன்டியும் கொடுங்கள்.